பிரஷர் மாத்திரை வீடு தேடி வரும்: மக்களைத் தேடி மருத்துவத்தில் என்னென்ன கிடைக்கும்?

இரத்த அழுத்தம் ஏறியிருப்பது பெரும்பாலும் உடம்புக்குத் தெரியாது. தலை சுற்றினால்தான் பிரஷர் என்று நினைத்து, ஒருமுறைகூட அளந்து பார்க்காமல் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சிலருக்கு முதல் அறிகுறியே பக்கவாதமாக வந்துவிடுகிறது. இப்படிப்பட்டவர்களைத் தேடிப் போவதற்காகத்தான் தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. 2024இல் இதற்கு ஐ.நா. அமைப்பின் விருதும் கிடைத்தது.

மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள், பிரஷர் பார்க்கும் கருவியும் சர்க்கரை பார்க்கும் கருவியுமாக வீடு வீடாக வருகிறார்கள். 30 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் பரிசோதனை இலவசம். அழுத்தம் அதிகமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மருத்துவர் உறுதிசெய்து மாத்திரை எழுதிய பிறகு, 45 வயதைக் கடந்தவர்களுக்கும் நடமாட முடியாதவர்களுக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணப் பராமரிப்பும் இதே திட்டத்தில் உண்டு. தன்னார்வலர் வரும் பகல் நேரத்தில் வேலைக்குப் போகிறவர்கள், குறிப்பாக ஆண்கள், வீட்டில் இருப்பதில்லை. அவர்கள் விடுபட்டுப் போகக் கூடாது. பக்கத்து சுகாதார நிலையத்துக்கு நேரில் போய்ப் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் தெருவுக்கு யாருமே வரவில்லை என்றாலும் அங்கேயே கேளுங்கள், அல்லது அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கு அழையுங்கள்.

பிரஷர் அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்குள் காபி, டீ, பீடி, சிகரெட் கூடாது. அளக்கும்போது கையை இதயத்தின் மட்டத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருங்கள். 140/90க்கு மேல் வெவ்வேறு நாட்களில் காட்டினால் அது உயர் இரத்த அழுத்தம்.

இந்தத் திட்டத்தில் சேர்ந்தவர்கள் செய்யும் பெரிய தவறு, அழுத்தம் சரியானதும் மாத்திரையை நிறுத்துவது. மாத்திரை சாப்பிடுவதால்தான் அது சரியாக இருக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி ஏறும். சிலருக்குச் சில மாத்திரைகளால் கணுக்கால் வீங்கும். அப்போதும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரை தருவார்.

சரி, சாப்பாடு. இங்கேதான் நம் வீடுகளில் நிறைய வேலை இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். அதாவது ஒரு கிலோ பாக்கெட் ஐம்பது நாள் வர வேண்டும். உங்கள் சமையலறையில் அது எத்தனை நாளில் தீர்கிறது என்று பாருங்கள். இந்தக் கணக்கில் ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, மிக்ஸர் எல்லாம் அடக்கம். இந்துப்புக்கு மாறினால் போதும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதுவும் சோடியம் குளோரைடுதான், அளவில் சலுகை கிடையாது. சோடியம் குறைத்த உப்பு நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் இருப்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மற்றவர்கள் கீரை, வாழைத்தண்டு, பயறு, பழங்களைத் தாராளமாகச் சேர்க்கலாம். தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் வசதியை 2023இல் தொடங்கினார்கள். அந்த மாவட்டக்காரர்கள் இதை விடாதீர்கள். கூழிலும் களியிலும் உப்பை மட்டும் குறையுங்கள்.

நடைக்கும் அரசுத் திட்டம் இருக்கிறது. 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற பெயரில் 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளம் காட்டினார்கள். எட்டு கிலோமீட்டரா என்று மலைக்க வேண்டாம். வாரத்துக்கு 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி நேரம், கொஞ்சம் மூச்சு வாங்கும் வேகத்தில் நடந்தாலே அழுத்தம் குறையும். பாட முடியாது, ஆனால் பேச முடியும் என்ற அளவு வேகம் போதும். அழுத்தம் 180/110ஐத் தொட்டவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு அப்புறம் நடக்கத் தொடங்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் நெஞ்சில் அழுத்தும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை வந்தால் வாயுத் தொல்லை என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, இரத்தக் கட்டியைத் தடுக்கும் முதல் தவணை மாத்திரைகளை அங்கேயே கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அங்கே ஆஞ்சியோபிளாஸ்டி (இதய இரத்தக் குழாய் அடைப்பைத் திறக்கும் சிகிச்சை) தேவைப்பட்டால், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உதவும். அந்த அட்டையை எடுக்காதவர்கள் குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் இப்போதே பதிவு செய்யலாம்.