டிஸ்டோனியா: வாந்தி மருந்து தரும் தசை முறுக்கம்

வாந்திக்கு ஊசி போட்டாயிற்று, குமட்டலும் அடங்கிவிட்டது. சில மணி நேரம் கழித்துக் கழுத்து தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறது. கையால் பிடித்து நேராக்கினாலும் மறுபடி அதே பக்கம் இழுக்கிறது. தாடை கோணுகிறது, நாக்கு தடித்ததுபோல் வெளியே துருத்துகிறது, பேச்சு குழறுகிறது. கண்கள் மேலே செருகிக்கொள்கின்றன. கீழே பார் என்றால் பார்க்க முடிவதில்லை. இத்தனைக்கும் ஆள் முழு நினைவோடு இருக்கிறார். கேட்ட கேள்வி புரிகிறது, பதில் சொல்லத்தான் வாய் ஒத்துழைப்பதில்லை. உடன் இருப்பவர்கள் வலிப்பு வந்துவிட்டது என்று பதறுகிறார்கள்.

இது வலிப்பு அல்ல. இதன் பெயர் டிஸ்டோனியா. மருந்தால் திடீரென்று வருவதை ‘அக்யூட் டிஸ்டோனிக் ரியாக்‌ஷன்’ என்று மருத்துவக் குறிப்புகளில் எழுதுவார்கள். சிலர் ‘எக்ஸ்ட்ராபிரமிடல் சிம்ப்டம்ஸ்’ என்பார்கள், சுருக்கமாக ‘இபிஎஸ்’. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளிலும் இந்தச் சொற்கள் பொடி எழுத்தில் இருக்கும். படித்தவருக்கும் அவற்றிலிருந்து கழுத்து திருகும், கண் செருகும் என்று தெரியவராது. அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டிஸ்டோனியா என்ற சொல்லை 1911இல் உருவாக்கியவர் ஹெர்மன் ஓப்பன்ஹைம், பெர்லினில் இருந்த நரம்பியல் மருத்துவர். அவர் பார்த்தது மருந்தால் வந்ததை அல்ல. சில இளம் நோயாளிகளின் உடல் நாளடைவில் முறுக்கிக் கோணிப் போகும் ஒரு நோயை. ஒரே உடம்பில் சில நேரம் தசை தளர்ந்து கிடக்கிறது, சில நேரம் விறைத்துக்கொள்கிறது என்பதுதான் அவரை யோசிக்க வைத்தது. தசை பலவீனமாக இல்லை. அதன் இழுவை அளவுதான் நிலைகுலைந்திருக்கிறது. அதைச் சொல்ல இரண்டு கிரேக்கச் சொற்களை இணைத்தார். ‘டிஸ்’ என்றால் கெட்ட, பிறழ்ந்த. ‘டோனோஸ்’ என்றால் இழுத்துக் கட்டுதல், அந்த இழுப்பால் வரும் விறைப்பு.

டோனோஸ் நமக்கு அவ்வளவு அந்நியமான சொல்லும் இல்லை. டானிக், டென்ஷன், டெட்டனஸ் மூன்றும் இந்த வேரிலிருந்து கிளைத்தவை. தசைக்கு முறுக்கேற்றுவது என்ற பொருளில்தான் டானிக் என்ற பெயரே வந்தது. வடமொழியில் ‘தன்’ என்ற வினைக்கும் இழுத்து நீட்டுதல் என்றே பொருள்; அதுவும் டோனோஸும் ஒரே மூலத்தின் இரு கிளைகள். வீணையில் இழுத்துக் கட்டும் தந்தி அந்த ‘தன்’னிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆனால் ‘தொனி’ இந்தக் குடும்பம் இல்லை. ஒலி ஒத்திருப்பதால் பலர் ‘டோன்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு சேர்த்துவிடுகிறார்கள். அது ‘த்வனி’யிலிருந்து வந்தது, வேறு வேர்.

சரி, தமிழில் என்ன சொல்வது? முதலில், எது கூடாது என்று பார்த்துவிடலாம். வலிப்பு என்ற சொல் கூடவே கூடாது. மூளையில் மின்னோட்டம் தாறுமாறாகப் பாய்வதால் வருவது வலிப்பு. உடல் முழுக்க உதறும் வகையில் நினைவு தப்பிவிடும், முடிந்தபின் ஒரு மயக்கநிலை இருக்கும். தசை முறுக்கத்தில் நினைவு தப்பாது, வெட்டி வெட்டி உதறாது. ஒரே நிலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். இரண்டுக்கும் மருத்துவம் வேறு. ‘வலிப்பு வந்தது’ என்ற ஒரு வார்த்தை தலை ஸ்கேனுக்கும் வலிப்பு மருந்துக்கும் வழிவகுத்துவிடலாம். ‘வாந்திக்கு ஊசி போட்டோம், அப்புறம் கழுத்து திருகிக்கொண்டது’ என்று சொன்னால் மருத்துவர் அங்கேயே பாதி முடிவுக்கு வந்துவிடுவார்.

ஜன்னி என்பது காய்ச்சலில் பிதற்றுவதில் தொடங்கி டெட்டனஸ் வரை எல்லாவற்றையும் அள்ளிக்கொள்ளும் சொல். குரக்குவலி என்றால் கெண்டைக்கால் தசை சுருண்டு வலிப்பது, சுளுக்கு என்றால் மூட்டு பிசகுவது. பிடிப்பு கொஞ்சம் நெருங்கி வருகிறது, கழுத்துப் பிடிப்பு என்கிறோமே; ஆனால் ஒத்தடம் கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தை அது கொண்டுவந்துவிடும். இசிவுதான் இவற்றில் கனமான போட்டியாளர். சித்த மருத்துவத்தில் புழங்கிய நல்ல தமிழ்ச் சொல், தசை தானாக இழுப்பதைக் குறிப்பது. எனக்கு அதில் உள்ள ஒரே தயக்கம், அது டெட்டனஸோடும் வலிப்போடும் ஒட்டிக்கொண்டுவிட்டது என்பதுதான்.

என் தேர்வு ‘தசை முறுக்கம்’. முறுக்கேறிய உடம்பு என்கிறோம், நரம்பு முறுக்கேறி நின்றது என்கிறோம். உடற்பயிற்சி செய்தவரின் தசை எப்போதும் சற்று இழுபட்டு நிற்கும் நிலையை, அதாவது டோனை, தமிழ் ஏற்கெனவே முறுக்கு என்றுதான் சொல்லிவந்திருக்கிறது. கழுத்தும் கண்ணும் திருகிக்கொள்வதும் முறுக்கிக்கொள்வதுதான். ஓப்பன்ஹைம் மனத்தில் வைத்திருந்த விறைப்பளவும், பார்ப்பவர் கண்ணில் படும் கோணலும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடுகின்றன. இலக்கணச் சுத்தமாக வேண்டும் என்றால் ‘தசைமுறுக்குப் பிறழ்வு’ என்று எழுதலாம். பாடநூலுக்கு அது பொருந்தும். நோயாளியிடம் பேச முறுக்கம் போதும். மருந்தால் வந்தது என்று காட்ட ‘மருந்துவழித் தசை முறுக்கம்’ எனலாம்.

எக்ஸ்ட்ராபிரமிடல் என்பதற்கு இப்படி ஒரு நல்ல கதி இல்லை. மூளையின் அடியில் இருக்கும் முகுளத்தின் முன்புறம் பிரமிடுபோல இரண்டு மேடுகள் உண்டு. கையைத் தூக்கு, காலை மடக்கு என்று மூளைப் புறணி தரும் கட்டளைகளைச் சுமக்கும் நரம்பிழைகள் அதன் வழியாக இறங்கிப் பெரும்பாலும் எதிர்ப்பக்கம் தாண்டுகின்றன. அது பிரமிடு வழி. அதற்கு வெளியே நின்று அசைவைச் சீராக்கும், வேண்டாத அசைவை அடக்கும் அமைப்புகளை ‘பிரமிடுக்குப் புறம்பானவை’ என்று பிரித்தார்கள். 1912இல் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் எழுதிய கட்டுரை அந்தப் பெயரை நிலைக்க வைத்தது. இரண்டு வழிகளும் அப்படிக் கறாராகப் பிரிந்தவை அல்ல என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் மருந்தின் பக்கவிளைவைச் சொல்லும் இடத்தில் பெயர் ஒட்டிக்கொண்டது. இதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் ‘கூம்பகப்புற அறிகுறிகள்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் விளங்காது. ‘மருந்தால் வரும் அசைவுக் கோளாறுகள்’ என்று எழுதிவிடுவதே நேர்மையானது.

வாந்தியை நிறுத்தும் மருந்துக்குக் கழுத்தில் என்ன வேலை? நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருளான டோபமின் இரண்டு இடத்திலும் இருக்கிறது, அதுதான் சிக்கல். இரத்தத்தில் நச்சு கலந்திருக்கிறதா என்று மோப்பம் பிடித்து வாந்தியைத் தூண்டும் பகுதி முகுளத்தை ஒட்டி இருக்கிறது. மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் போன்றவை அங்கே டோபமின் பற்றும் ஏற்பியை அடைத்துக் குமட்டலை அடக்குகின்றன. ஆனால் அவை இரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளேயும் போகும். மூளையின் உள்ளே அடித்தள நரம்புமுடிச்சுகளில் டோபமினும், அதுபோலவே செய்தி கடத்தும் அசெட்டைல்கோலினும் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் தசைமுறுக்கை அளவாக வைத்திருக்கின்றன. அங்கே டோபமினை அடைத்தால் அசெட்டைல்கோலின் கை ஓங்கிவிடும். உடனே தசை முறுக்கிக்கொள்கிறது.

புரோகுளோர்பெரசின், 1950இல் உருவான மனநோய் மருந்தான குளோர்புரோமசினின் நேரடி உறவு. மெட்டோகுளோப்ரமைடு வேறு குடும்பம். பிரான்சில் ஜூஸ்டன்-பெசான்சோனும் லாவிலும் 1964இல் அதைப் பற்றி எழுதினார்கள். குடும்பம் வேறானாலும் அடைக்கும் ஏற்பி ஒன்றுதான். டோம்பெரிடோனும் அதையே அடைக்கிறது, ஆனால் தடுப்பைத் தாண்டி உள்ளே அதிகம் போகாததால் முறுக்கம் அரிது. அதற்காக அது ஆபத்தில்லாத மருந்து ஆகிவிடாது, இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும் கவலை அதில் உண்டு. ஆன்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து டோபமினை விட்டு செரட்டோனின் என்ற வேறொரு வேதிப்பொருள் வழியாக வேலை செய்வதால் இந்தப் பிரச்சினை அதில் மிக அபூர்வம்.

வழக்கமான அளவில் மெட்டோகுளோப்ரமைடு எடுப்பவர்களில் சுமார் 500 பேரில் ஒருவருக்கு முறுக்கம் வரலாம் என்று அந்த மருந்தின் அதிகாரபூர்வக் குறிப்பு சொல்கிறது. பெரும்பாலும் முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். குழந்தைகளுக்கும் 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கூடுதலாக வரும். இதனால்தான் ஐரோப்பிய மருந்து முகமை 2013இல் அளவைக் குறைத்தது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் கூடாது, 5 நாளுக்கு மேல் கூடாது, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று வரம்பு வைத்தது.

இதைக் குணமாக்குவது எளிது. அசெட்டைல்கோலினைத் தணிக்கும் மருந்தை ஊசியாகப் போட்டால் சில நிமிடங்களில் கழுத்து தளர்ந்து கண் இறங்கிவிடும். டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், பென்ஸ்ட்ரோபின், பைபெரிடென், புரோசைக்ளிடின் இவற்றில் ஏதாவது ஒன்றை வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் தேர்ந்தெடுப்பார். அப்படிச் சரியானபின்னும் சிலருக்கு மாத்திரையாக ஓரிரு நாள் தொடரச் சொல்வார்கள். வாந்தி மருந்து உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கும், ஊசியின் பலம் இறங்கினால் முறுக்கம் திரும்பி வரும். அரிதாகக் குரல்வளைத் தசையும் முறுக்கிக்கொள்ளும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலோ மூச்சு திணறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். இதை ‘அலர்ஜி’ என்று எழுதி வைக்கிறார்கள். உடலின் எதிர்ப்பாற்றல் இதில் வேலை செய்வதில்லை, எனவே ஒவ்வாமை என்பது தவறான சொல். ஆனால் மருந்தின் பெயரைக் குறித்து வைப்பது மிக அவசியம், ஒருமுறை வந்தவருக்கு மறுபடியும் வரக்கூடும். ‘மெட்டோகுளோப்ரமைடு: தசை முறுக்கம், கண் செருகல்’ என்று நோயாளியின் கோப்பில் முதல் பக்கத்திலேயே எழுதிவிடலாம்.

முறுக்கம் பிடிக்கும் இடத்துக்கு ஏற்ப வரும் சொற்களுக்கு நம்மிடம் பேச்சுவழக்கிலேயே விடை இருக்கிறது. ஆக்குலோஜைரிக் கிரைசிஸ் என்பது கண் செருகல். டார்டிகாலிஸ், லத்தீனில் திருகிய கழுத்து. கழுத்துத் திருகல் என்றால் முடிந்தது. டிரிஸ்மஸ் பல் கிட்டல். முதுகு வில்லாக வளைந்து தலை பின்னால் போகும் ஒபிஸ்தோடோனஸ் என்பதை உடல் பின்வளைவு எனலாம். அதன் வால்பகுதியிலும் அதே டோனோஸ்தான் இருக்கிறது.

இந்த மருந்துகள் தரும் இன்னொரு தொல்லை அகதிசியா. 1901இல் பிராகைச் சேர்ந்த லடிஸ்லாவ் ஹாஷ்கோவெட்ஸ் வைத்த பெயர், ‘உட்கார இயலாமை’ என்று பொருள். ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் உட்கார முடியாமல், படுக்க முடியாமல், எழுந்து நடந்துகொண்டே இருக்க வேண்டும்போல் உள்ளுக்குள் ஒரு அவஸ்தை. ‘இருப்புக்கொள்ளவில்லை’ என்று நாம் சொல்வது இதையேதான், எனவே இருப்புக்கொள்ளாமை. நரம்பில் ஊசியை வேகமாக ஏற்றாமல் 15 நிமிடம் மெதுவாகச் செலுத்தினால் இது குறைகிறது. மனக்கலக்கம் என்று தப்பாக எண்ணி நோயாளியை அதட்டிவிடக் கூடாது.

கடைசியாக டார்டிவ் டிஸ்கினீசியா. டார்டிவ் என்றால் தாமதமாக வருவது. மாதக்கணக்கில் மருந்து எடுத்தபின் உதடு சப்பிக்கொண்டே இருக்கும், நாக்கு உள்ளும் புறமுமாக அசையும். மருந்தை நிறுத்தினாலும் சிலருக்கு நீங்காது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் மெட்டோகுளோப்ரமைடுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை போட்டது இதற்காகத்தான், 12 வாரத்துக்கு மேல் தொடர வேண்டாம் என்று. தமிழில் ‘பின்தோன்று அசைவுக் கோளாறு’ எனலாம். தசை முறுக்கம் என்ற பெயரை இதற்கு நீட்டக் கூடாது. அது மணிக்கணக்கில் வந்து ஊசியில் அடங்குவது, இது மாதக்கணக்கில் வந்து தங்கிவிடக்கூடியது.