கிளிச்: கோளாறும் அல்ல, தெறிப்பும் அல்ல

விண்ணிலிருந்து வரும் ஈர்ப்பலைகளை லேசர் ஒளியால் பிடிக்கும் கருவிகளான ஈர்ப்பலை உணரிகளைப் பற்றித் தமிழில் எழுதுவோர் 'கிளிச்' (glitch) என்பதைக் 'கோளாறு' என்றே பெயர்த்துவருகிறார்கள். இது பிழை. வயலுக்கு இறைக்கிற மோட்டர் நின்றால் அது கோளாறு. திருத்தும்வரை வேலை நடக்காது. கிளிச் வரும்போது உணரி பழுதாவதில்லை. வேண்டாத இரைச்சல் பெரும்பாலும் நொடியின் சிறு பங்குக்குத் தரவில் ஏறி இறங்கிவிடும், அவ்வளவுதான்.

வழுக்குதலைக் குறிக்கும் இத்திஷ் அல்லது ஜெர்மன் சொல்லிலிருந்து 'கிளிச்' என்ற சொல் வந்திருக்கலாம் என்பர். மின்னழுத்தத்தில் திடீரென எழும் மாற்றம் என்று 1962இல் விண்வெளி வீரர் ஜோன் கிளென் விளக்கினார்.

'இரைச்சல் தெறிப்பு' என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்குத் தெறிப்பு என்றால் ஆடியில் ஒளி பட்டுத் திரும்புவது. லேசர் ஒளி சிதறி, அசையும் பரப்புகளில் பட்டுத் திரும்பிவந்து கலப்பதே கிளிச்சுக்கு ஒரு முக்கிய காரணம். 'தெறிப்பால் தெறிப்பு வந்தது' என்று எழுதினால் எவருக்கு விளங்கும்? எங்கள் பாடநூலைப் புரட்டிப் பாராமலே சொல் அடிக்கிறார்கள்.

வன்னியில் மாரிகாலம் முழுக்கக் கேட்கிற சொல் இருக்கிறது: பாட்டம். 'ரெண்டு பாட்டம் பெய்துபோட்டு விட்டுட்டுது' என்பார்கள். பாட்டத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, எண்ணலாம். ஆகவே 'இரைச்சற் பாட்டம்'. மழைப்பாட்டம் நீளமானதே என்றால், அளவை 'குறும்பாட்டம்' காட்டும். பாட்டத்துக்குக் குத்தகைப் பொருளும் உண்டு. ஆனால் இரைச்சலை எவரும் குத்தகைக்கு எடுப்பதில்லை.

பாட்டத்தைத் தரவில் கண்டுபிடிக்கும் முறையும் சொல்லோடு பொருந்துகிறது. தரவை மீடிறன் (அதிர்வெண்) வாரியாக வழமையான இரைச்சலின் மட்டத்தால் வகுத்துச் சமப்படுத்துவார்கள். பிறகு நேரம்–மீடிறன் கட்டங்களாகப் பிரித்து, எதிர்பார்த்ததைவிட மிகுந்த சக்தியுள்ள கட்டங்களைப் பொறுக்குவார்கள். வழமை மட்டத்தை இடையால் (சராசரியால்) கணித்தால் ஒரு பெரிய பாட்டமே அதை உயர்த்திவிடும், சிறியவை அடியில் மறைந்துபோகும். அதனால் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பெறுமானமான இடையமே நல்லது. அதே கணத்தில் உணரியருகே உள்ள நிலநடுக்கமானியோ ஒலிவாங்கியோ துள்ளியிருந்தால் காரணமும் பிடிபடும்.

2017 ஓகஸ்ட் 17 அன்று இரு நியூத்திரன் விண்மீன்கள் இணைந்த சைகையில், முடிவுக்கு ஏறத்தாழ 1.1 செக்கன் முன்னர், அமெரிக்காவின் லிவிங்ஸ்டன் உணரியில் ஒரு பாட்டம் விழுந்தது. அதன் வடிவத்தை மாதிரியாக்கிக் கழித்தே அந்தச் சைகையை அளந்தார்கள். 'கோளாறு' என்று படித்த பிள்ளை அந்தத் தரவு பயன்படாது என்றல்லவா நினைக்கும்?