தனித்த அமைப்பு: மூடினால் மட்டும் போதாது

வெப்ப இயக்கவியலில் 'ஐசொலேட்டட் சிஸ்டம்' எனப்படுவதைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் தனித்த அமைப்பு என்கின்றன. இலங்கையில் அமைப்பு என்ற இடத்தில் தொகுதி என்று வரும். சுற்றுப்புறத்தோடு பொருள், ஆற்றல் இரண்டையுமே பரிமாறிக்கொள்ளாத அமைப்பு என்பது இதன் பொருள். லத்தீனில் 'இன்சுலா' என்றால் தீவு. அதிலிருந்து இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல்தான் 'ஐசொலேட்டட்'. 'தனிமைப்படுத்தப்பட்ட அமைப்பு' என்றும் சிலர் எழுதுகிறார்கள். தனித்த என்பதே போதும், சுருக்கமாகவும் இருக்கிறது.

மாணவர்கள் அதிகம் குழம்புவது மூடிய அமைப்போடுதான். இறுக மூடிய புட்டியை வெந்நீரில் வைத்தால் உள்ளிருக்கும் காற்று வெளியே போகாது, ஆனால் சூடாகும். பொருள் அடைபட்டிருக்கிறது, ஆற்றல் அடைபடவில்லை. ஆகவே அது மூடிய அமைப்பு மட்டுமே. சரி, வெப்பம் கடக்காத சுவர் வைத்துவிட்டால்? அதுவும் போதாது. சுவரில் நகரும் பிஸ்டன் இருந்தால் வேலையின் வடிவில் ஆற்றல் உள்ளே வரும், வெளியே போகும். அதற்கு வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு என்று வேறு பெயர் உண்டு. தனித்த என்று சொல்ல வெப்பம், வேலை, பொருள் மூன்றுக்கும் வழி இருக்கக் கூடாது.

1845-இல் ஆங்கில இயற்பியலாளர் ஜூல் செய்த சோதனையைப் பார்த்தால் இது தெளிவாகும். இரண்டு செம்புக் கலன்கள். ஒன்றில் 22 வளிமண்டல அழுத்தத்தில் காற்று, மற்றதில் வெற்றிடம். இரண்டையும் நீரில் அமிழ்த்தி, இடையிலிருந்த குழாயைத் திறந்தார். காற்று பாய்ந்து பரவியது. நீரின் வெப்பநிலையில் மாற்றம் தெரியவில்லை. வெற்றிடத்தில் எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லாததால் காற்று வெளியே வேலை செய்யவில்லை, வெப்பமும் கைமாறவில்லை. அதனால் அதன் அக ஆற்றல் அப்படியே இருந்தது. ஆனால் பரவிய காற்று தானாகப் பழைய கலனுக்குத் திரும்புவதில்லை. ஆற்றல் மாறாமலேயே மாறிய இந்த ஒன்றுக்குத்தான், அதாவது ஆற்றல் எவ்வளவு பரவிக் கிடக்கிறது என்பதன் அளவுக்கு, 1865-இல் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாசியஸ் என்ட்ரோபி என்று பெயரிட்டார்.

தனித்த அமைப்பின் என்ட்ரோபி குறையாது என்பது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி. இதில் 'தனித்த' என்ற சொல்லை விட்டுவிட்டால் விதியே பொய்யாகிவிடும். குளிர்பதனப் பெட்டிக்குள் நீர் பனிக்கட்டியாகும்போது அந்த நீரின் என்ட்ரோபி குறையத்தான் செய்கிறது. அந்த நீர் தனித்த அமைப்பு அல்ல. அதன் வெப்பம் பெட்டிக்கு வெளியே, அறைக்குள் போய்ச் சேர்கிறது.

முழுமையாகத் தனித்த அமைப்பை யாராலும் செய்ய முடிந்ததில்லை. 1892-இல் விஞ்ஞானி டூவர் வடிவமைத்த இரட்டைச் சுவர்க் குடுவை, அதாவது நம் பிளாஸ்க், அதற்குக் கொஞ்சம் நெருங்கி வருகிறது, அதுவும் சில மணி நேரத்துக்குத்தான். பூமியைத் தனித்த அமைப்பு என்று எழுதுவது பிழை. வளிமண்டலத்தின் உச்சியில் சூரியக் கதிர்களுக்கு நேர்முகமான ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் மட்டுமே நொடிக்குச் சுமார் 1361 ஜூல் (ஜூலின் பெயரால் வழங்கும் ஆற்றல் அலகு). பூமியை மூடிய அமைப்பு என்று சொல்லலாம், அதுவும் தோராயமாக.