"உட்காருங்க பாட்டி, நான் எடுத்துத் தரேன்"

என் பாட்டி பிசியோதெரபிஸ்ட். நானும் அதே தொழிலுக்குத்தான் வந்தேன். அவர் காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது. பாட்டியின் பேச்சு எடுத்தாலே வீட்டில் எல்லாரும் அவர் பேரப்பிள்ளைகள் மேல் உயிரையே வைத்திருந்ததைச் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் பாசத்தில் ஒரு விசேஷம் இருந்தது. நாங்கள் எதையாவது செய்யத் திணறும்போது உதவிக்கு வராமல் பக்கத்திலேயே இருப்பார். அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பது முதியவர்களுக்குச் சிகிச்சை தர ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

பாட்டி வேலைக்குச் சேர்ந்தது போலியோ வார்டில். 1955-லேயே தடுப்பூசி வந்துவிட்டது என்றாலும், அதற்கு முன்பே நோய் தாக்கிய பிள்ளைகளும், ஊசி போய்ச் சேராத இடத்துப் பிள்ளைகளும் பலவீனமான காலைத் தாங்கும் காலிப்பர் என்ற சட்டத்தை மாட்டிக்கொண்டு வந்தபடியே இருந்தார்கள். குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, எட்டியும் எட்டாத தூரத்தில் ஒரு பொம்மையை வைப்பாராம். அப்புறம் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வாராம். "இல்லைன்னா கை தானா நீண்டுடும்டி" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் சட்டைப் பொத்தான் போடப் பழகியபோதும் அப்படியே கை மேல் உட்கார்ந்துதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது என் அறைக்கு வருவோம். எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாவை மகனும் மருமகளும் அழைத்து வருவார்கள். "எங்கே, எழுந்து நில்லுங்கம்மா" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் அக்குளுக்குள் கை நுழைந்துவிடும். அந்த அம்மா எழவில்லை, தூக்கப்பட்டார். விசாரித்தால் கதை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். முழங்கால் வலி என்றார், "நீங்க உட்காருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்றார்கள். தண்ணீர் கைக்கு வந்தது, மருந்து கைக்கு வந்தது, போன் கைக்கு வந்தது. சில மாதத்தில் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. முழங்கால் தேய்ந்துவிட்டது என்று குடும்பமே நம்புகிறது. நான் தொட்டுப் பார்த்தால் தேய்ந்திருப்பது தொடைத் தசை.

தசை எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைப் பலர் நம்புவதில்லை. சராசரியாக 67 வயதுள்ள, நோய் நொடி இல்லாத சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கவைத்து ஆராய்ந்து 2007-ல் ஒரு கட்டுரை வந்தது. கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. காய்ச்சலில் இரண்டு வாரம் படுத்து எழுந்தவருக்குக் கால் தள்ளாடுவதை வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம். 1990-ல் வெளியான இன்னோர் ஆய்வு இதற்கு நேரெதிர். முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயதை ஒட்டியவர்களுக்கு 8 வாரம் எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. ஆக, தொண்ணூறிலும் தசை வளரும், வேலை கொடுத்தால்.

என்ன வேலை கொடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது நாற்காலியிலிருந்து எழுவதைத்தான். கைப்பிடி உள்ள, சற்று உயரமான, நகராத நாற்காலி. இருக்கையின் முன் விளிம்புவரை நகர்ந்து வர வேண்டும். பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னால் இழுத்து வைக்க வேண்டும். பலரும் இதைச் செய்யாமல் காலை முன்னால் நீட்டிக்கொண்டே எழப் பார்க்கிறார்கள், பின்பக்கமாகவே விழுகிறார்கள். அப்புறம் முன்னால் குனிய வேண்டும். "மூக்கு கால் விரலுக்கு நேரா வரட்டும்" என்பார் பாட்டி. உடல் எடை பாதத்துக்கு வந்துவிட்டால் தொடை தன் வேலையைச் செய்யும். எழுவதைவிட உட்காருவது முக்கியம். தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்க வேண்டும், அந்த இறக்கத்தில்தான் தசை நன்றாக உழைக்கும். முடிந்த அளவு செய்து, சற்று ஓய்வெடுத்து, மறுபடியும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் நீங்கள் நில்லுங்கள், பிடிக்காதீர்கள்.

சரி, விழுந்துவிட்டால்? இந்தப் பயம்தான் எல்லாக் குடும்பத்தையும் ஆட்டிவைக்கிறது. பயம் நியாயமானதே. உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 6.84 லட்சம் பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் பயந்து உட்காரவைத்தால் கால் இன்னும் பலவீனமாகி, அடுத்த முறை எழும்போது விழும் வாய்ப்புதான் கூடும். அதே நிறுவனம் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 3 நாளாவது சமநிலையும் தசை வலிமையும் கூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது.

பாட்டி எண்பதைத் தாண்டிய பிறகு ஒருமுறை கூடத்தில் வழுக்கி விழுந்தார். அம்மா அலறிக்கொண்டு ஓடினார். பாட்டி படுத்தபடியே ஒரு கையை உயர்த்தினார். "யாரும் தொடாதீங்க." முதலில் கணுக்காலை அசைத்துப் பார்த்தார். முழங்காலை மடக்கினார். இடுப்பைத் தடவிப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, தவழும் நிலைக்கு வந்து, நாற்காலிவரை தவழ்ந்தே போனார். அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்து, பலமான காலை முன்னால் மடக்கி ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இதை எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கேன், நானே செய்யலைன்னா எப்படி?" என்று சிரித்தார். அம்மாவுக்குத்தான் கை நடுக்கம் நிற்கவில்லை.

தலையில் அடிபட்டிருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் என்றாலோ, காலை ஊன்ற முடியாமல் இடுப்பு வலித்தாலோ, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தாலோ எழுப்பவே கூடாது. ஆம்புலன்ஸை அழையுங்கள்.

கைத்தடி பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் தவறான கையில்தான் பிடித்திருக்கிறார்கள். வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலோடு சேர்ந்து தடியும் முன்னே போகும்போதுதான் அந்தக் காலின் சுமை குறையும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ அதுதான் தடியின் உயரம். தாத்தா வைத்திருந்த தடி என்று எடுத்துக்கொள்வதெல்லாம் வேண்டாம்.

கடைசி வருஷத்தில் பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. மறுநாள் காலை, அவர் வயதைப் பார்த்து இரண்டு நாள் ஓய்வெடுக்கட்டும் என்று சுற்றியிருந்த எல்லாருமே நினைத்தோம். பாட்டி வாக்கரைக் கொண்டுவரச் சொன்னார். வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்து வரும்படி பிசியோவிடம் நேரமும் அவரே குறித்தார். எலும்பு முறிவுக்கு அறுவை முடிந்தவர்களை, மருத்துவர் தடை சொல்லாதவரை, மறுநாளே எழுப்பி நிறுத்துவதுதான் நடைமுறை. படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும். உங்கள் வீட்டுப் பெரியவர் அந்த நிலையில் இருந்து, மறுநாள் மதியம்வரை யாரும் வரவில்லை என்றால், "எப்போது நிற்கவைப்பீர்கள்?" என்று நீங்களே போய்க் கேளுங்கள்.