வயிறு தானாக நெளிந்தால் கேஸ் என்று விட்டுவிடாதீர்கள்

"வயித்துக்குள்ள பாம்பு நெளியற மாதிரி இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா படுத்துக் காட்டினார். தொப்புள் ஒரு பக்கம் இழுபட்டு, மெதுவாக வட்டமடித்து, திரும்பவும் இழுபட்டது. அடக்கிப் பார்க்கச் சொன்னேன், முடியவில்லை. எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் ஏற்கெனவே எடுத்திருந்தார், எல்லாமே நார்மல். நார்மலாகத்தான் இருக்கும், கோளாறு குடலில் இல்லையே! வயிற்றுச் சுவர்த் தசைகளையும் சில சமயம் உதரவிதானத்தையும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசை) ஆட்டுவிக்கும் நரம்பு மண்டலத்தில் அல்லவா இருக்கிறது.

இதற்கு பெல்லி டான்சர்ஸ் டிஸ்கைனீசியா என்று பெயர், அதாவது பெல்லி டான்ஸ் ஆடுபவரின் வயிறு போலத் தானாக அசையும் கோளாறு. (வேதனைப்படுபவரிடம் இந்தப் பெயரைச் சொல்ல எனக்கு எப்போதும் கூச்சம்தான்.) அரிதான நோய். வயிற்று அறுவை சிகிச்சை, பிரசவம், தண்டுவடப் பாதிப்பு இவற்றுக்குப் பிறகு வரலாம், காரணமே தெரியாமலும் வரலாம். ஆனால் நான் முதலில் கேட்பது மாத்திரைகளைப் பற்றித்தான். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு போன்றவை மூளையில் அசைவுகளைச் சீராக்க உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுப்பவை, மாதக்கணக்கில் விழுங்கினால் இப்படிப்பட்ட அசைவுகளைக் கிளப்பிவிடக்கூடும். அந்த அம்மாவுக்கும் அதுதான் நடந்திருந்தது, உப்புசத்துக்கு ஆரம்பித்த மாத்திரை, வயிறு ஆடத் தொடங்கியதும் கேஸ்தான் என்று இன்னும் கொஞ்ச நாள் நீட்டப்பட்டது.

சரி, மாத்திரையை நிறுத்தினால் நின்றுவிடுமா? சிலருக்கு வாரங்களில் அடங்கும், சிலருக்கு அடங்காது. அப்போது நரம்புகளின் துடிப்பை அடக்கும் குளோனசெபாம் மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்குவோம், தூக்கக் கலக்கம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன். அதிலும் பலன் இல்லையென்றால் தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி. வயிற்றுத் தசைகள் அடுக்கடுக்காக இருப்பதாலும், அதற்குக் கீழே குடல் இருப்பதாலும், அல்ட்ராசவுண்டில் ஊசி முனையைப் பார்த்தபடியே போடுவதுதான் பாதுகாப்பு. பலன் தெரியச் சில நாட்கள் ஆகும், சுமார் மூன்று மாதம் நிற்கும், அப்புறம் மறுபடியும் போட வேண்டியிருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. கவனம் வேறு பக்கம் திரும்பினால் அசைவு நின்றுபோகும். வீட்டில் உடனே நடிப்பு என்பார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், அதுவும் நோய்தான், அதற்குப் பிசியோதெரபியும் மனநல உதவியும் சேர்ந்து பலன் தரும்.

மருத்துவரிடம் வரும்போது வயிறு ஆடுவதை ஃபோனில் வீடியோ எடுத்து வாருங்கள், உட்கார்ந்திருக்கும்போது ஒன்று, படுத்திருக்கும்போது ஒன்று, முடிந்தால் தூங்கும்போதும் ஒன்று. மாத்திரை அட்டைகளையும் கொண்டு வாருங்கள், போன வருடமே நிறுத்திவிட்டதையும் சேர்த்து.