எம்டைம்: மாற்றநேரமா, திருத்தநேரமா?

லினக்ஸ் கட்டளைவரியில் தேதியை வைத்துக் கோப்பு தேடுகிறவர் முதலில் சந்திக்கும் சொல் எம்டைம், அதாவது கோப்பின் உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். போன வாரம் எழுதிய கடிதம் எந்த அடைவில் கிடக்கிறது என்று தெரியாதபோது, ஃபைண்ட் கட்டளையில் எம்டைம் என்று குறித்து, அதன் பக்கத்தில் மைனஸ் 7 கொடுப்போம். 7 நாளுக்குள் உள்ளடக்கம் மாறிய கோப்புகளெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அடைவில் உள்ள கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையின் நீள்பட்டியலில் கோப்புப் பெயருக்கு முன்னால் தெரியும் தேதியும் இதே எம்டைம்தான்.

மாடிஃபிகேஷன் டைம் என்பதன் குறுக்கம் இது. மாடிஃபை என்ற சொல்லுக்கு லத்தீன் வேர். மோடுஸ் என்றால் அளவு, ஃபாகேரே என்றால் செய்தல். ஓர் அளவுக்குள் கொண்டுவருதல் என்பது பழைய பொருள். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் 1971இல் வந்த முதல் பதிப்பிலேயே, கோப்பு கடைசியாக மாறிய நேரத்தைக் குறித்துவைக்கும் ஏற்பாடு இருந்தது. அந்த நேரத்தைக் கொண்டு தேட உதவும் ஃபைண்ட், டிக் ஹைட் எழுதியது. ஐந்தாம் பதிப்போடு 1974இல் வந்தது.

தமிழில் இதை 'மாற்றநேரம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. காரணம், எம்டைமுக்குப் பக்கத்திலேயே சிடைம் என்று இன்னொன்று இருக்கிறது. அதன் விரிவு சேஞ்ச் டைம். இரண்டையும் 'மாற்றநேரம்' என்றால் படிக்கிறவர் எதைப் பிடித்துக்கொள்வார்? சிலர் சி என்பதை கிரியேஷன் என்று எடுத்துக்கொண்டு 'உருவாக்கிய நேரம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது அப்பட்டமான பிழை. கோப்பின் அனுமதி மாறினாலும், உரிமையாளர் மாறினாலும் சிடைம் மாறும். உள்ளடக்கம் மாறினால் எம்டைமோடு சேர்ந்து அதுவும் மாறும்.

நிலத்தை வைத்து யோசித்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். வயலை உழுது, வரப்பு வெட்டி, மேடு தட்டினால் நிலம் திருத்துகிறோம் என்போம். அதே வயல் அப்பா பெயரிலிருந்து மகள் பெயருக்குப் போனால் அது பட்டா மாற்றம். மண்ணில் ஒரு பிடி அசையவில்லை, பதிவேடுதான் மாறியது. லினக்ஸில் அந்தப் பதிவேட்டின் பெயர் ஐநோடு. சேஞ்ச் என்ற சொல்லின் வேரான காம்பியாரேவுக்கும் பண்டமாற்று என்பதே பொருள். ஆகவே எம்டைம் திருத்தநேரம், சிடைம் நிலைமாற்ற நேரம். மூன்றாவதான ஏடைம், கோப்பைக் கடைசியாகப் படித்த நேரம். அதற்கு அணுகுநேரம் என்ற சொல் போதும். திருத்தம் என்றால் பிழை நீக்குவது மட்டும்தானே என்று கேட்கலாம். சட்டத் திருத்தம் என்கிறோமே, அங்கே புதிதாகச் சேர்ப்பதும் நீக்குவதும் அந்தச் சொல்லுக்குள் அடங்கித்தானே இருக்கின்றன.

திருத்தநேரத்தில் நாள் எண்ணும் முறை பலரைக் குழப்பும். ஃபைண்ட் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. கட்டளை கொடுத்த நொடியிலிருந்து பின்னோக்கி 24 மணி நேரக் கட்டுகளாக எண்ணுகிறது, மிச்சத்தை விட்டுவிடுகிறது. 47 மணி நேரத்துக்கு முன் திருத்திய கோப்புக்கு அதன் கணக்கில் வயது 1 நாள்தான். பிளஸ் 1 என்று தேடினால் அது வராது. 48 மணி நேரம் நிறைந்திருக்க வேண்டும். குறிப்பிட்ட தேதியே வேண்டுமென்றால் நியூவர்எம்டி என்ற விருப்பு இருக்கிறது. அதன்பின் தேதியை எழுதினால் அதற்குப் பிறகு திருத்தியவை கிடைக்கும். இரண்டு தேதிகளுக்கு நடுவே தேட, அதையே மறுபடி எழுதி முன்னால் ஆச்சரியக்குறி இட வேண்டும். நான் பெரும்பாலும் இதைத்தான் நம்புகிறேன்.

டச் கட்டளையால் திருத்தநேரத்தை நினைத்த தேதிக்குத் தள்ளிவைக்கலாம். நிலைமாற்ற நேரத்தை அப்படித் தள்ளக் கட்டளை கிடையாது. முன்தேதியிட்டுப் பத்திரம் எழுதினாலும் பதிவேட்டில் இன்றைய தேதி விழுவதுபோல, டச் ஓடிய கணமே சிடைமில் பதிந்துவிடும். கோப்பு உண்மையில் உருவான நேரத்துக்குத் தனி இடம் உண்டு. இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை அதைச் சேமிக்கிறது. 2017இல் வந்த லினக்ஸ் 4.11 முதல் ஸ்டாட்எக்ஸ் என்ற அழைப்பால் அதைக் கேட்டு வாங்கலாம். கோப்பின் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளையின் புதிய பதிப்புகள் அதை பர்த் என்று காட்டுகின்றன. பிறப்புநேரம் என்ற பெயர் அதற்குத்தான் பொருந்தும், சிடைமுக்கு அல்ல.