நைட்ரேட் உப்பு கிடைக்காதபோது தொட்டிச் செடிகளுக்கு உரம் எங்கிருந்து?

செடிகள் வளரும் மீன்தொட்டிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) ஊட்டுவதில் பொட்டாசியம் நைட்ரேட்டுக்கு இணையான வசதி கொண்ட உப்பு வேறு இல்லை. அது நீரில் நன்றாகக் கரைகிறது. கரைந்து பிரியும் பொட்டாசியம், நைட்ரேட் ஆகிய இரண்டுமே செடிக்கு உணவாகின்றன. வேண்டாத எச்சம் என்று எதுவும் நீரில் தங்குவதில்லை. 1996ஆம் ஆண்டில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற மீன்தொட்டி ஆர்வலர்கள் பாசிக் கட்டுப்பாடு குறித்து எழுதியபோது முன்வைத்த எளிய உரக்கலவை தொடங்கி, இன்று பரவலாகப் பின்பற்றப்படும் முறைகள் வரை பெரும்பாலானவை இந்த உப்பை நம்பியே அமைந்துள்ளன. ஆனால் நைட்ரேட் உப்புகள் வலிமையான ஆக்சிஜனேற்றிகள் என்பதால், அவை வெடிபொருள் செய்வோரின் கைக்குப் போய்விடக் கூடாது என்று பல நாடுகள் அவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்துகின்றன. 2021 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, செறிவு மிகுந்த அம்மோனியம் நைட்ரேட்டைப் பொதுமக்களுக்கு விற்கக் கூடாது. பொட்டாசியம், கால்சியம், சோடியம் நைட்ரேட்டுகளை ஐயத்துக்கிடமான முறையில் யாரேனும் வாங்க முற்பட்டால், விற்பவர் அதை அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். சட்டப்படி தடை இல்லாத இடத்திலும், சில்லறை விற்பனையாளர்கள் இந்த வம்பே வேண்டாம் என்று ஒதுங்கிவிடுவதுண்டு.

அப்படி ஒரு நிலை வரும்போது, அந்த உப்பை எப்படியாவது தேடிப் பிடிப்பதைக் காட்டிலும், அது தொட்டிக்குள் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று பார்ப்பதே பயன் தரும். செடி எந்த உப்பையும் உப்பாக உட்கொள்வதில்லை. நீரில் கரைந்த நொடியிலேயே உப்பு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு பொட்டாசியம் அயனி சல்பேட்டோடு வந்ததா, குளோரைடோடு வந்ததா, மட்கிய இலையிலிருந்து வந்ததா என்பது வேருக்கும் இலைக்கும் ஒரு பொருட்டே அல்ல. ஆகவே ஒரே பொட்டலத்தில் கிடைத்த இரண்டு சத்துகளை இரண்டு இடங்களிலிருந்து தனித்தனியே பெறுவதுதான் கேள்வி.

கணக்கு எளிது. ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டில் 0.61 கிராம் நைட்ரேட்டும் 0.39 கிராம் பொட்டாசியமும் உள்ளன. அதை 100 லிட்டர் நீரில் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ 6 மில்லிகிராம் நைட்ரேட்டும் 4 மில்லிகிராம் பொட்டாசியமும் கூடும். இவற்றில் பொட்டாசியத்தை ஈடுகட்டுவதில் எந்தச் சிரமமும் இல்லை. 0.86 கிராம் பொட்டாசியம் சல்பேட் அதே அளவைத் தந்துவிடும்; கூடவே வரும் சல்பேட்டால் செடிக்குக் கந்தகமும் கிடைக்கிறது. பொட்டாசியம் குளோரைடு என்றால் 0.74 கிராம் போதும். அதனால் லிட்டருக்கு மூன்றரை மில்லிகிராம் குளோரைடு கூடுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான குழாய்நீரில் அதைவிட அதிகமாகவே குளோரைடு இருக்கும். இந்த இரண்டு உப்புகளும் ஆக்சிஜனேற்றிகள் அல்ல என்பதால், தோட்ட உரமாகச் சாதாரணமாகவே கிடைக்கின்றன. உர மூட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது: அங்கே சாம்பல்சத்து பொட்டாசியம் ஆக்சைடாகக் கணக்கிடப்படுகிறது, அதை 0.83ஆல் பெருக்கினால்தான் உண்மையான பொட்டாசியத்தின் அளவு வரும்.

கடினமான பகுதி தழைச்சத்துதான். நைட்ரேட்டாகவே வேண்டுமென்றால் கால்சியம் நைட்ரேட்டும் மெக்னீசியம் நைட்ரேட்டும் இருக்கின்றன. மென்னீர் உள்ள தொட்டிக்கு இவை நல்ல தேர்வு. உடன்வரும் கால்சியமோ மெக்னீசியமோ அங்கே உண்மையிலேயே தேவைப்படும். கால்சியம் நைட்ரேட்டின் கரைசலைச் சல்பேட், பாஸ்பேட் கரைசல்களோடு ஒரே குப்பியில் சேர்த்தால் வெண்ணிற வீழ்படிவு உண்டாகிச் சத்து அடியில் தங்கிவிடும் என்பதால், அதற்குத் தனிக் குப்பி வேண்டும். ஆனால் கட்டுப்பாட்டின் கண் இந்த உப்புகள் மீதும் விழுவதுண்டு என்பதால், இவற்றை மட்டும் நம்பித் திட்டமிடுவது முழுத் தீர்வு ஆகாது.

நைட்ரேட் அல்லாத வழியைப் பேசும்போது தொட்டி வளர்ப்போர் பலரும் தயங்குகிறார்கள். செடியின் பக்கம் நின்று பார்த்தால் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை. நைட்ரேட்டை உள்ளிழுத்த செடி, அதைப் புரதமாக்குவதற்கு முன் அம்மோனியமாக மாற்றியாக வேண்டும். ஒரு நைட்ரேட் அயனிக்கு எட்டு எலக்ட்ரான்களைச் செலவிட்டு, மாலிப்டினம் உள்ள ஒரு நொதியின் துணையோடு அது அந்த வேலையைச் செய்கிறது. அம்மோனியமாகவே கிடைத்தால் அந்தச் செலவு மிச்சம். நீர்த்தாவரங்களில் பல, இரண்டும் கிடைக்கும்போது அம்மோனியத்தையே முதலில் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். நைட்ரேட்டை நாம் விரும்புவது செடிக்காக அல்ல, மீனுக்காக: அளவு சற்றுக் கூடினாலும் நைட்ரேட் மீனைக் கொல்லாது, அம்மோனியா கொன்றுவிடும்.

யூரியா இங்கே இடைநிலையில் நிற்கிறது. அதில் 46 விழுக்காடு தழைச்சத்து உள்ளது. மின்னூட்டம் இல்லாத சிறு மூலக்கூறாக இருப்பதால் தன்னளவில் மீனுக்குப் பெரிய தீங்கு செய்வதில்லை. ஆனால் தொட்டியிலுள்ள பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி அதை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைத்துவிடுகிறது. உடையும் அம்மோனியாவில் எவ்வளவு நச்சு வடிவில் இருக்கும் என்பதை நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு முடிவு செய்கிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் நச்சு வடிவம் அரை விழுக்காட்டை ஒட்டியே இருக்கும், பி.எச். 8 ஆனால் அது ஐந்து விழுக்காட்டைத் தாண்டிவிடும்.

ஒரு கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டின் தழைச்சத்துக்கு 0.3 கிராம் யூரியா சமம். அதை ஒரே நாளில் 100 லிட்டர் தொட்டியில் போட்டு, முழுவதும் உடனே உடைந்துவிட்டதாகக் கொண்டால், லிட்டருக்கு 1.7 மில்லிகிராம் அம்மோனியா உருவாகும், பி.எச். 8 உள்ள நீரில் இது மீனுக்கு ஆபத்து. அதே 0.3 கிராமை ஒரு வாரத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 0.04 கிராம்தான். இவ்வளவு சிறிய எடையைத் தராசில் நிறுப்பது கடினம் என்பதால், 3 கிராம் யூரியாவை 500 மில்லிலிட்டர் நீரில் கரைத்துக்கொண்டு, அதிலிருந்து நாள்தோறும் 7 மில்லிலிட்டரைச் சிரிஞ்சில் எடுத்து ஊற்றலாம். அப்போது ஒரு நாளில் உருவாகக்கூடிய அம்மோனியா லிட்டருக்குக் கால் மில்லிகிராமுக்கும் குறைவு. செடிகள் அடர்ந்த, வடிகட்டியில் பாக்டீரியாக்கள் நன்கு நிலைபெற்ற தொட்டி அதை எளிதில் உறிஞ்சிவிடும். புதிதாக அமைத்த தொட்டியிலும், செடி குறைந்து மீன் நிறைந்த தொட்டியிலும் இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். மேற்பூச்சு இட்ட யூரியாவையும் தவிர்க்க வேண்டும். கரைசலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, கெட்ட நெடி வந்தால் கொட்டிவிட வேண்டும். இன்னொன்று: யூரியாவை நைட்ரேட் பரிசோதனைக் குப்பி காட்டாது; பழக்க தோஷத்தில் நைட்ரேட் எண்ணைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றினால் விபரீதம்தான்.

காசு கொடுத்து வாங்கும் உரத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்போது, தினமும் கையால் தூவும் மீன் உணவை மறந்துவிடுகிறோம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். 40 விழுக்காடு புரதம் உள்ள ஒரு கிராம் உணவு முழுவதும் சிதைந்தால், அது 0.28 கிராம் நைட்ரேட்டுக்குச் சமமான தழைச்சத்தைத் தொட்டியில் சேர்க்கிறது. பொட்டாசியம் நைட்ரேட்டில் கிட்டத்தட்ட பாதி பலன். மீன் அந்த நைட்ரஜனின் ஒரு பங்கைத் தன் உடலில் சேர்த்துக்கொண்டு, பெரும்பகுதியைச் செவுள் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இதே வழியில் போதிய அளவு வந்துவிடும். வராதது பொட்டாசியமும் இரும்பும். மீன் நிறைய உள்ள தொட்டியில் பழைய இலைகளில் ஊசித்துளைகள் தோன்றுவதும், புது இலைகள் வெளிறி வருவதும் பெரும்பாலும் இதனால்தான். அங்கே நைட்ரேட்டைத் தேடி அலைவது வீண் வேலை.

குழாய்நீரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. வேளாண் பகுதிகளின் நிலத்தடி நீரில் 20, 30 மில்லிகிராம் இருப்பது அரிதல்ல. அத்தகைய நீரை வாரந்தோறும் மாற்றுகிறவர் அறியாமலேயே உரமிட்டுக்கொண்டிருக்கிறார். நீர் வழங்குவோரின் ஆய்வறிக்கையைப் படிக்கும்போது, எண் நைட்ரேட்டைக் குறிக்கிறதா, நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் குறிக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், பின்னதை 4.43ஆல் பெருக்கினால் முன்னது கிடைக்கும். ஈயக் குழாய்களின் அரிப்பைத் தடுக்கச் சில ஊர்களில் நீரில் பாஸ்பேட்டும் கலக்கிறார்கள்.

வரவைக் கூட்ட முடியாவிட்டால் செலவைக் குறைக்கலாம். செடியின் பசியைத் தீர்மானிப்பது வெளிச்சம். கடும் வெளிச்சத்தில், கார்பன் டை ஆக்சைடு செலுத்தி, தண்டுச்செடிகளை வளர்க்கும் தொட்டி உரத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். அதே தொட்டியில் விளக்கின் செறிவைத் தணித்தால் வளர்ச்சி மெதுவாகி, தேவையும் கூடவே இறங்கும். ஆனூபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற மெல்ல வளரும் செடிகளுக்கு மீனின் கழிவே பல நேரங்களில் போதும். களிமண் கலந்த அடித்தளம் அம்மோனியத்தையும் பொட்டாசியத்தையும் பிடித்து வைத்து வேருக்கு விட்டுக்கொடுப்பதால், கிரிப்டோகோரைன் போல வேரால் உண்ணும் செடிகளுக்கு நீரில் உரம் குறைந்தாலும் உடனே தெரியாது.

நுண்சத்துகளுக்கு விற்பனைக் கட்டுப்பாடு ஒரு தடையே அல்ல. அங்கே சிக்கல் வேதியியலில் இருக்கிறது. சாதாரண இரும்பு உப்பு தொட்டி நீரில் சில மணி நேரத்தில் துருவாகிப் படிந்துவிடும். அதைக் கரைசலில் பிடித்து வைக்கும் கிலேட்டுகளில், இ.டி.டி.ஏ. பி.எச். 6.5 வரையிலும் டி.டி.பி.ஏ. 7.5 வரையிலும் நம்பத்தக்கவை. கடினநீர்த் தொட்டிக்கு வாங்குகிறவர் சீட்டில் டி.டி.பி.ஏ. என்ற பெயரைத்தான் முதலில் தேட வேண்டும். இறால் வளர்ப்பவர் செம்பின் அளவையும் பார்க்க வேண்டும்.

உர மூலத்தை மாற்றிய பிறகு, பழைய இலையைப் பார்த்து எடை போடக் கூடாது. துளை விழுந்த இலை எந்த உரத்தாலும் மூடிக்கொள்ளாது. நைட்ரஜன், பொட்டாசியம், மெக்னீசியம் ஆகியவற்றைச் செடி பழைய இலையிலிருந்து உருவி இளந்தளிருக்கு அனுப்பும் என்பதால், அவற்றின் பற்றாக்குறை கீழிலைகளில் தெரியும். இரும்பும் கால்சியமும் அப்படி இடம்பெயராததால் அவற்றின் குறை நுனியில் தெரியும். எனவே ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதன்பின் விரியும் முதல் இரண்டு மூன்று கணுக்களின் இலைகள் என்ன நிறத்தில், என்ன அளவில் வருகின்றன, அவை முதிரும்போது துளை விழுகிறதா என்று பார்த்து அடுத்த அளவை முடிவு செய்யலாம்.